பாலன் வரும்வரை ஏற்றாத திரி

ஆண்டவருக்குள் அன்பானவர்களே, முப்பத்தொரு பிள்ளைகளை என் கையாலேயே நெருப்புக்குக் கொடுக்க இருந்தவள் நான். இதை முதலில் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் அது சாட்சியாக இருக்காது.

அறுபதுகளின் தொடக்கம். நாங்கள் சிவகாசியில் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கும் இடத்தில் மேஸ்திரி. நான் சாத்தூர் ரோட்டில் நாலு மைல் தள்ளி ஒரு சிற்றூரில் டீச்சர். அங்கே பள்ளிக்கூடமும் கோயிலும் ஒரே ஓலைக் கூரைக்குக் கீழேதான். கலியாணமாகி ஒன்பது வருடமாகியும் எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கவலை என்னைக் கொஞ்சம் கடுகடுப்பாகவே ஆக்கி வைத்திருந்தது.

அந்த வருடம் கோயிலில் வைக்கும் கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பீங்கான் சுரூபங்கள் வாங்க முடிவாயிற்று. அதுவரை இருந்தவை மண் சுரூபங்கள். சூசையப்பருக்குக் கை கிடையாது. கோயிலில் செபம் நடத்தும் உபதேசியார் சவரிமுத்து, அவர் சம்சாரம், நான், மூன்று பேரும் பஸ் ஏறி மதுரைக்குப் போனோம். கடைக்காரர் இரண்டு செட்டை எடுத்து வைத்தார். ஒன்றில் பாலன் இயேசு தீவனத் தொட்டியோடு ஒட்டியே இருந்தார். இன்னொன்றில் பாலன் தனி, தொட்டி தனி.

"ஒட்டுனதுதான் நல்லது டீச்சரம்மா. தனியா இருந்தா எங்கனயாவது தொலைஞ்சு போகும்," என்றார் உபதேசியார்.

அவர் சொன்னது நியாயம்தான். நான் கேட்கவில்லை. அந்தத் தனிப் பாலனைக் கையில் எடுத்தேன். உள்ளங்கையில் சரியாகப் படுத்துக்கொண்டார். கீழே வைக்க மனம் வரவில்லை. ஒட்டிய பாலனுக்கு ஒன்றரைக் கண் என்றேன், மூக்கு சப்பை என்றேன், வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். உண்மை இதுதான்: ஒரு நாளாவது ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு எல்லார் முன்னாலும் நடக்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். உபதேசியார் கடைசியில் விட்டுக்கொடுத்தார். ஊர் வந்து சேரும்வரை அவர் என்னோடு பேசவில்லை.

குடில் கட்டுவது என் பொறுப்பு. வழக்கமாகப் பழுப்புக் காகிதத்தைக் கரித்தண்ணீரில் நனைத்துக் கசக்கிப் பாறைக் குகை மாதிரி செய்வோம். பீங்கானுக்கு அது எடுபடாது என்று எனக்கு ஒரு நினைப்பு. அடுத்த வீட்டு மாரியம்மாளும் பட்டாசு வேலைக்குப் போகிறவள்தான். ஒரு நாள் அவள் வேலைக்கூடையில் ஒரு காகிதம் பார்த்தேன். சாம்பல் நிறம், வெயிலில் அப்படியே வெள்ளியாக மினுங்கியது. குப்பையில் கிடந்தது என்றாள். இன்னும் வேண்டும் என்று நான்தான் கேட்டேன்; எதற்கென்று சொல்லவில்லை. எரிக்கப் போட்டிருந்த குவியலில் இருந்து ஒரு கட்டு கொண்டுவந்து தந்தாள். மினுக்கம் போய்விடும் என்று அதை நான் நனைக்கவே இல்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் காலையில் குகை கட்டி முடித்தேன். மலையே மின்னியது. பிள்ளைகள் கை தட்டினார்கள். சுரூபங்களை நிறுத்திவிட்டு, பாலனை மட்டும் கைக்குட்டையில் சுற்றி என் பையில் வைத்துக்கொண்டேன். எங்கள் ஊர் வழக்கப்படி மாலை ஆறு மணிக்குச் செபம். பாலனைத் தொட்டியில் கிடத்தியதும் உபதேசியார் குகை வாசலில் மெழுகுதிரி ஏற்றுவார். பிள்ளைகள் ஒவ்வொருவரும் தங்கள் திரியை அதில் பற்றவைத்துக்கொண்டு சுற்றி நின்று பாடுவார்கள்.

குளித்து, சேலை மாற்றி வர வீட்டுக்குப் போனேன். என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தார். மேசையில் மிச்சமிருந்த ஒரு தாளைப் பார்த்தார். விரலால் தடவி, விரலைப் பார்த்தார்.

"ஏ புள்ள, இது இங்கன எப்படி வந்துச்சு?"

சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"மருந்து சலிக்கயில கீழ விரிக்கிற தாளு புள்ள இது. அம்புட்டும் மருந்து. ஒரு பொறி பட்டாப் போதும். மிச்சத்தை என்ன செஞ்ச?"

 கோயில் என்று மட்டும் சொன்னேன். அவர் சைக்கிளை எடுத்துவிட்டார். பையை இடுக்கிக்கொண்டு நானும் பின்னால் ஏறினேன். அப்போது மணி ஐந்தரை.

சிவகாசி எல்லையில் ரயில்வே கேட் அடைத்திருந்தது. சரக்கு வண்டி அசைந்து அசைந்து போனது. பெட்டி வந்துகொண்டே இருந்தது. என் வீட்டுக்காரர் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.  நான் ரோட்டிலேயே முழங்கால் போட்டேன். வாய்விட்டே சொன்னேன்: "ஆண்டவரே, ஒன்பது வருசமா ஒரு பிள்ளை கேட்டேன். இனிமே கேக்க மாட்டேன். அங்க நிக்கிற பிள்ளைகளை மட்டும் காப்பாத்திரும்." வேறு செபம் எதுவும் எனக்கு வரவில்லை.

கேட் திறந்தது. அதற்குப் பிறகு அவர் மிதித்த மிதியின் சத்தம் எனக்கு இன்னும் காதில் கேட்கிறது. வழியில் நன்றாக இருட்டிவிட்டது. ஆறு மணி தாண்டியது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். 

கோயில் இருட்டாக இருந்தது. வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினோம். பிள்ளைகள் திரிகளோடு குகையை ஒட்டி நெருக்கியடித்து நின்றார்கள். நடுவில் உபதேசியார். ஒரு கையில் பழைய மண் பாலன், இன்னொரு கையில் தீப்பெட்டி.

"தீப்பெட்டியக் கீழ போடுங்க! பிள்ளைகளா, வெளிய ஓடுங்க!" என்று என் வீட்டுக்காரர் கத்தினார்.

உபதேசியாருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்துக் கோபமாக, "டீச்சரம்மா, பாலன் எங்க? எம்புட்டு நேரமாக் காத்துக் கெடக்கோம்!" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாலன் என் பையில் இருந்தார். நாலு மைல் தூரமும் என் மடியிலேயே வந்திருக்கிறார்.

குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் குகையைப் பிரித்து எடுத்தோம். சுரூபங்களை வெறும் ஆற்று மணலில் நிறுத்தினோம். மறுநாள் மதியம் என் வீட்டுக்காரர் வீட்டில் மிஞ்சிய தாளில் உள்ளங்கையளவு கிழித்து, வெட்டவெளியில் வைத்து, நீளக் கம்பு நுனியில் தீ கொளுத்தி நீட்டினார். பளீரென்று கண் கூசியது. தாள் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. உபதேசியார் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மண் பாலனை வச்சுட்டுத் திரியைப் பத்தவைக்க ரெண்டு தடவை குச்சியை எடுத்தேன்," என்றார். "அப்புறம், அம்புட்டு அடம்பிடிச்சு வாங்குன பாலனாச்சே, அவக கையாலேயே வைக்கட்டும், பாவம்னு நின்னுட்டேன்."

நான் அழுதேன். கடையில் என் வீம்பால் முகம் சுளித்த அந்த மனுஷன்தான் எனக்காகக் காத்திருக்கிறார். நான் ரயில்வே கேட்டில் முழங்கால் போடும் முன்பே ஆண்டவர் அந்த மனசில் போய் உட்கார்ந்துவிட்டார் என்று நான் விசுவசிக்கிறேன். என் புத்தியால் அன்று எதுவும் தப்பவில்லை. அதற்குப் பிறகு நான் யாரிடமும் அடம்பிடிப்பதில்லை. தெரியாததை விசாரிக்காமல் தொடுவதுமில்லை. நடந்ததைக் கேட்ட மாரியம்மாள் தன் பிள்ளைகளையும் என்னோடு என் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப ஆரம்பித்தாள்.

எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை. ரயில்வே கேட்டில் கொடுத்த வாக்கின்படி நான் மறுபடி கேட்கவுமில்லை. அந்த முப்பத்தொரு பேரும் வளர்ந்தார்கள். தங்கள் பிள்ளைகளை என்னிடமே எழுத்துப் படிக்க அனுப்பினார்கள். கேட்டது வரவில்லையே என்று சோர்ந்திருக்கிறவர்கள் இங்கே இருந்தால், உங்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். நம்பிக் கேளுங்கள். ஆண்டவர் காதில் விழாமல் இல்லை.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் உபதேசியார் அந்தப் பாலனை என் கையில்தான் கொடுப்பார். நான் தூக்கிக்கொண்டு நடந்து போய் மணலில் இருக்கும் தொட்டியில் கிடத்துவேன். அதுவரை தீப்பெட்டியை அவர் பையிலிருந்து எடுக்கவே மாட்டார்.