சீட் கவருக்கு அடியில்

கார் ஓட்டக் கற்றுக்கொண்டபோது எனக்கு நாற்பத்திரண்டு வயது. கொரட்டூரில் வீடு, அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. பதினைந்து வருடம் பஸ்ஸில் நசுங்கியே போய் வந்த ஒருத்தியின் கையில் திடீரென்று ஒரு ஸ்டியரிங் கிடைத்தால் தலைகால் புரியாது. எனக்கும் புரியவில்லை. என் வீட்டுக்காரர் தெரிந்தவரிடம் வாங்கிய பழைய கார்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதைத் துடைக்க உட்கார்ந்தேன் என்றால் வீட்டில் டிபனுக்கு யாரும் என்னைக் கேட்க முடியாது. அடுப்பு மேடையைக்கூட நான் அப்படித் துடைத்தது கிடையாது.

அந்த மோகத்தில்தான் சீட் கவர் போடப் போனேன். குமணன்சாவடியில் ஒரு கடை. மாம்பழ நிறத்தில் ஒன்றைப் பிடிவாதமாகத் தேர்ந்தெடுத்து, பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வேலை வாங்கிக்கொண்டிருந்தேன். முன்சீட்டுகள் முடிந்து பின்சீட்டுக்கு வந்தபோது கடைக்காரர் தலையை வெளியே நீட்டிக் கேட்டார்.

"யக்கா, பின்னாடி பெல்ட் மாட்ற பக்கிளு மூணு கீது. கவரை அறுத்து வெளிய எடுத்து உடட்டா, இல்ல அப்படியே உள்ள தள்ளிடட்டா? வெளிய எடுத்தா துருத்திக்கினு நிக்கும். உள்ள தள்ளிட்டா சும்மா சோபா மாறி இருக்கும். பின்னாடி யாருக்கா பெல்ட் போட்றாங்க?"

"உள்ளயே தள்ளிடுங்க" என்றேன்.

இதைச் சொல்ல எனக்கு இரண்டு நொடிகூட ஆகவில்லை. அவர் கேட்கவே இல்லை, அவராகவே செய்துவிட்டார் என்று பின்னால் பலமுறை எனக்கு நானே கதை கட்டிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த மனுஷன் தலையை நீட்டிக் கேட்டது நினைவுக்கு வந்து கதையைக் கெடுத்துவிடும். கேட்டார். நான்தான் சொன்னேன்.

இனி அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வீட்டுக்காரரின் அக்கா. ஆவடியில் தனியாக இருக்கிறார். கணவர் போன பிறகு பிளவுஸ் தைத்தே மகளைப் படிக்க வைத்துக் கல்யாணமும் செய்து கொடுத்தவர். அந்தப் பக்கத்தில் கல்யாணப் பெண்ணுக்கு பிளவுஸ் என்றால் அண்ணியிடம்தான் வருவார்கள். அளவு பிசகாத கை. கண்ணும் அப்படித்தான். என் வீட்டுக்கு வந்தால் திரைச்சீலை ஒரு விரல் ஏறியிருப்பது தெரிந்துவிடும், ரசத்தில் உப்பு அரைக்கல் குறைந்திருப்பது தெரிந்துவிடும், தெரிந்ததை மனதில் வைத்துக்கொள்ளவும் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவர் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே எனக்கு முதுகு நிமிர்ந்துவிடும்.

அன்று பூந்தமல்லியில் ஒரு உறவுக்காரப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தம். என் வீட்டுக்காரர் அம்பத்தூரிலிருந்து, கம்பெனி ஷிப்ட் முடிந்து நேராக வந்துவிடுவதாக ஏற்பாடு. ஆவடியில் அண்ணியை ஏற்றிக்கொண்டு போவது என் பொறுப்பு. காரில் ஏற்கெனவே ஒரு பெரிய பழக்கூடை இருந்தது. பின்சீட்டில் வைத்தால் பழம் உருளும் என்று முன்சீட்டில் எனக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன். கூடையின் கனத்தைப் பார்த்து ஆள் உட்கார்ந்திருப்பதாக நினைத்து, பெல்ட் போடு, பெல்ட் போடு என்று கார் டிங் டிங் அடித்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லை தாங்காமல் கூடைக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டிவிட்டேன்.

அண்ணி பின்சீட்டில் ஏறினார். புது கவரைப் பார்த்து ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். உள்ளங்கையால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"தையல் கோணலா போய்கீதே. பாக்கலியா நீ?"

எனக்குச் சுருக்கென்றது. வண்டியைக் கிளப்பினேன். பருத்திப்பட்டு தாண்டும்போது பின்னால் அசைகிற சத்தம். கண்ணாடியில் பார்த்தேன். அண்ணி தோளுக்கு மேலிருந்து பெல்ட்டை இழுத்துக் கையில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் சீட்டின் இடுக்கில் துழாவிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இத்த எங்க மாட்றது?"

"அண்ணி, நாம என்ன பிளைட்லயா போறோம்? இதோ இருக்கிற பூந்தமல்லிக்குத்தானே. சும்மா உட்காருங்க."

"இல்லம்மா, எங்க தெருவுல டாக்ஸி ஓட்றவரு சொல்லிக்கினே இருப்பாரு. பின்னாடி குந்தினாலும் போட்டுக்கணுமாம்."

அவர் மறுபடி துழாவினார். நான் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தேன். அதை இங்கே எழுதத்தான் எனக்குக் கை கூசுகிறது. இத்தனை வருடம் என் வீட்டில் ஒவ்வொன்றையும் கண்டுபிடித்த அண்ணியால் இதைக் கண்டுபிடிக்க முடியவில்லையே என்று எனக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது. நிறுத்தி, கவரைக் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை என்று சொல்ல மாட்டேன். தோன்றியது. புதுக் கவராயிற்றே என்று விட்டுவிட்டேன். அண்ணி பெல்ட்டைக் கைவிட்டார். அது சுருட்டிக்கொண்டு மேலே போனது.

கரையான்சாவடி வருவதற்குச் சற்று முன்னால், எனக்கு முன்னே போன ஷேர் ஆட்டோ, ஓரத்தில் ஒருவர் கை காட்டியதும் அப்படியே நடுரோட்டில் நின்றது. நான் பிரேக்கை மிதித்தேன். நாற்பதுக்கு மேல் போயிருக்க மாட்டேன். எதன் மீதும் மோதவில்லை. வண்டியில் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் என் சீட்டின் முதுகில் தொம்மென்று ஏதோ வந்து விழுந்தது. அண்ணிதான். விழுகிறவர்கள் எல்லோரும் செய்வது போல வலது கையை முன்னால் ஊன்றியிருக்கிறார். அந்தக் கை மணிக்கட்டில் மடங்கி, அதன்மேல் அவருடைய முழு உடம்பும் விழுந்திருக்கிறது.

"யம்மா" என்று ஒரே ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தபோது கீழே சரிந்து, இடது கையால் வலது கையைத் தாங்கிப் பிடித்திருந்தார். மணிக்கட்டு இருக்க வேண்டிய வாக்கில் இல்லை. பக்கத்து சீட்டில் பழக்கூடை வைத்தது வைத்தபடி இருந்தது. ஒரு ஆப்பிள்கூட உருளவில்லை. அந்தக் கூடையைத் தூக்கி ரோட்டில் வீச வேண்டும் போல எனக்கு வெறி வந்தது.

பூந்தமல்லியில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். என் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது என்றார் டாக்டர். எப்படி ஆனது என்று விசாரித்துவிட்டுக் கேட்டார்.

"பின்னாடி பெல்ட் போட்டிருந்தீங்களாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி பதில் சொல்லிவிட்டார் என்று எழுதினால் எனக்குச் சௌகரியமாக இருக்கும். அது பொய். எனக்கு நேரம் இருந்தது. அண்ணி முதலில் என்னைத்தான் பார்த்தார். வலியோடு, ஆனால் நிதானமாகப் பார்த்தார். நான் சுவரில் ஒட்டியிருந்த எலும்புப் படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் அவர், "இல்ல சார், மறந்துட்டேன்" என்றார்.

"ஊருக்கெல்லாம் புத்தி சொல்றியே, நீ பெல்ட் போட மாட்டியாக்கா? கொஞ்சமாவது அறிவு வேணாம்?" என்று என் வீட்டுக்காரர் கத்தினார். அக்காவின் மேல் உயிரை வைத்திருப்பவர். பயத்தில் வந்த கோபம். அண்ணி தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். அண்ணி எல்லோரிடமும் மறந்துட்டேன், மறந்துட்டேன் என்றார். நான் காபி கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரமே யாருக்கும் தெரியாமல் குமணன்சாவடி கடைக்குப் போனேன். பக்கிளை வெளியே எடுக்கச் சொன்னேன். கடைக்காரர் பிளேடை எடுத்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா யக்கா, யாருக்கினா அடிகிடி பட்டுதா?"

"சேச்சே. போலீஸ் செக்கிங்ல கேக்கிறாங்க."

ஐந்து நிமிட வேலை. மூன்று பக்கிள்களும் வெளியே வந்தன. பார்க்க ஒன்றும் அசிங்கமாக இல்லை. இதற்காகவா என்று அங்கேயே அழுகை வந்தது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இனி ஏறுகிறவர்களுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்பதற்காக மட்டும் நான் போகவில்லை. என் வீட்டுக்காரர் என்றைக்காவது பின்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்துப் பார்த்தால் மாட்டிக்கொள்வேனே என்று பயந்துதான் போனேன். செய்த தப்பைத் திருத்துகிறேன் என்ற பெயரில் அது இருந்த இடம் தெரியாமல் ஆக்கிவிட்டேன்.

பிறகு தினமும் வேலை முடிந்து ஆவடிக்கு ஓடினேன். தலை வாரிவிட்டேன், புடவை கட்டிவிட்டேன், சாதம் பிசைந்து கொடுத்தேன். கிடைத்தால் இப்படி நாத்தனாரைத் தாங்குகிற மருமகள் கிடைக்க வேண்டும் என்று பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். என் சமையலில் உப்பு குறைகிறது என்றுகூட அண்ணி அந்த நாட்களில் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மாவுக்கட்டு பிரித்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, விரல்கள்தான் மடங்கவில்லை. பயிற்சி கொடுத்தால் சரியாகும், எவ்வளவு சரியாகும் என்று சொல்ல முடியாது என்றார்கள். முகூர்த்த மாதம். வாங்கி வைத்திருந்த துணிகளை ஒவ்வொரு பையாகத் திருப்பிக் கொடுத்தார் அண்ணி. ஒரு சனிக்கிழமை நான் போனபோது, தரையில் உட்கார்ந்து பழைய பேப்பரைக் கத்தரிக்கோலால் வெட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டைவிரல் நுழைந்தது. மற்ற விரல்கள் பிடிக்கவில்லை. கத்தரிக்கோல் நழுவி விழுந்தது. எடுத்தார். மறுபடி விழுந்தது. மூன்றாவது முறை அவர் எடுக்கவில்லை.

நான் அவர் எதிரில் உட்கார்ந்தேன். கவர் போட்ட நாளிலிருந்து, கடைக்காரர் கேட்டது, நான் சொன்னது, திரும்பப் போய் வெளியே எடுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுகொண்டே சொன்னேனா, சொல்லிவிட்டு அழுதேனா, நினைவில்லை.

"தெரியும்மா" என்றார் அண்ணி.

"எப்படி?"

"துணிக்கு அடியில விரல்ல தட்டுப்பட்டுச்சு. மூணும் வரிசையா கீது. கையில கத்திரி இருந்தா அங்கியே பிரிச்சிருப்பேன்."

"அப்பவே கேட்டிருக்கலாமே அண்ணி?"

"நீ கண்ணாடில பாத்து சிரிச்சே. அப்பறம் எப்டி கேக்கறது?"

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. டாக்டரிடம் ஏன் மறந்துட்டேன் என்று சொன்னீர்கள் என்று மட்டும் தரையைப் பார்த்துக் கேட்டேன்.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன். பக்கத்துலதானே நின்னுகினு இருந்தே. நீ சொல்லல. சரி, புருசன் எதிர்ல மானம் போவ வேணாம்னு நானே சொல்லிட்டேன். ஊட்டுக்கு வந்ததும் அவன்கிட்ட நீ சொல்லிடுவேன்னு நெனச்சேன். மூணு மாசம் ஆச்சு உனுக்கு." கீழே கிடந்த கத்தரிக்கோலை ஓரமாகத் தள்ளிவிட்டு, "அவன் இன்னும் என்னியதான் திட்டிக்கினு கீறான்" என்றார்.

அங்கேயே போனை எடுத்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். என் வீட்டுக்காரர் எடுத்ததும், அக்காவுக்கு என்ன என்றுதான் முதலில் பதறினார். நான் சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேசவில்லை.

"அக்கா பக்கத்துல இருக்காளா?" என்றார். "போனை அவகிட்ட குடு."

அண்ணி இடது கையால் வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கம் அவர் உடைந்து அழுவது எனக்கும் கேட்டது. மன்னிச்சுடுக்கா, அன்னிக்கு ஆஸ்பத்திரில உன்னைப் போய் அப்படித் திட்டிட்டேனே என்று திரும்பத் திரும்பச் சொன்னார். "பரவால்ல உட்றா, பரவால்ல உட்றா" என்று அண்ணி தம்பியைச் சமாதானப்படுத்திக்கொண்டே இருந்தார்.

என்னிடம் அவர்கள் இருவரும் பரவால்ல என்று சொல்லவில்லை. சொல்லுங்கள் என்று நானும் கேட்கவில்லை.