எடைக்கல்

இரண்டாம் தடவையாகத் தட்டை நீட்டுகிறார். பசி எப்போதோ அடங்கிவிட்டது. முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. ஆனாலும் சோற்றின் மேல் இரண்டு அவித்த முட்டை, ஓரத்தில் உருளைக்கிழங்கு, கடைசியில் ஒரு வாழைப்பழம். போதுமா என்று கேட்பதைக் கேன்டீன்காரர் நிறுத்திப் பல காலம் ஆயிற்று. கசப்பு மருந்து குடிக்கிறவர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்குவார். கை கழுவியதும் நேரே எடை இயந்திரம். செருப்பைக் கழற்றிவிட்டு, சட்டைப்பையில் இருப்பதை எல்லாம் என் கையில் கொடுத்துவிட்டு ஏறி நிற்பார். முள் எண்பத்து நான்கைத் தொட்டால்தான் முகம் தெளியும்.

எங்கள் விண்வெளி மையத்தில் அவருக்கு வைத்த பெயர் ‘எடைக்கல்’. மனிதனை விண்வெளிக்கு அனுப்பப் போகிறோம் என்று அரசாங்கம் அறிவித்த காலத்தில் அவர் ஸ்டோரில் நட்டும் போல்ட்டும் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ஒருநாள் வாசல் காவலாளி அவரைப் பின்னாலிருந்து பார்த்துவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். பறக்கத் தேர்வான வீரர் என்று நினைப்பு. அதே உயரம், அதே தோள், அதே இடுப்பு. சங்கதி மேலிடத்துக்குப் போயிற்று. வீரரோ பயிற்சி பயிற்சி என்று ஊர் ஊராய்ச் சுற்றுகிறவர். அவர் உடம்புக்கு அச்செடுத்துச் செய்த இருக்கையில் மணிக்கணக்காக உட்கார்ந்து காட்ட இங்கே ஒரு உடம்பு தேவைப்பட்டது. உயரம் கடவுள் கொடுத்தது. வீரரின் எண்பத்து நான்கு கிலோவுக்கு எடைதான் கொஞ்சம் குறைச்சல். அதைச் சாப்பிட்டே ஏற்றிக்கொண்டார்.

விண்கலத்தின் மாதிரி ஒன்று எங்கள் கூடத்தில் நிற்கிறது. அதில் அவருக்கு பெல்ட் மாட்டிவிடுவது என் வேலை. முதுகைச் சாய்த்து, காலை மடக்கி, கூரையைப் பார்த்தபடி கிடப்பார். இன்ஜினியர்கள் அவர் நெஞ்சுக்கு மேலே குனிந்து மில்லிமீட்டருக்காகச் சண்டை போடுவார்கள். இவர் மூச்சு விடவே கூச்சப்படுவார். தலைக்கவசம் சரியாக உட்கார வேண்டும் என்று முடியைக்கூட வீரர் வெட்டுகிற அளவுக்குத்தான் வெட்டிக்கொள்வார். மழையில் நனைய மாட்டார். காய்ச்சல் வந்தால் எடை இறங்கிவிடுமே! ஒருமுறை வயிற்றுப்போக்கில் மூன்று கிலோ போய்விட்டது. அடுத்தவர் கொடுத்து வைத்த பொருளைத் தொலைத்துவிட்டவர் மாதிரி அன்றைக்கெல்லாம் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கிண்டலுக்குக் குறைவே இல்லை. பறக்கப் போவது அவர், ஊதிக்கொண்டு போவது நீங்களா என்று இளவட்டங்கள் வம்புக்கு இழுப்பார்கள். கோபமே வராது அவருக்கு. ஒரே பதில்தான். “மேல போறது அவர்தாம்பா. ஆனா எடை என்னுதுல்ல?”

சிரித்துக்கொண்டே சொல்வார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன்.

பிறகு ஏவுதல் தள்ளிப்போயிற்று. மறுபடியும் தள்ளிப்போயிற்று. ஆட்சி மாறியது. ஆராய ஒரு குழு போட்டார்கள், அந்தக் குழுவை ஆராய இன்னொரு குழு. இயந்திரம் போனால் போதாதா, ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாமல் தரையில் படுக்கிற நாட்டில் மனிதனை மேலே அனுப்பியே ஆக வேண்டுமா என்று கேட்கிறார்கள். தப்பென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை; என் அம்மாவே அந்தத் தரையில் படுத்தவள். ஆனால் ஒன்று. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே! அதையும் சொல்வதில்லை. மேலிடத்தைக் கேட்டால் ‘தயார் நிலையில் இருக்கவும்’ என்று மட்டும் பதில் வருகிறது. எல்லாம் அந்தரத்தில் தொங்குகிறது.

தயார் நிலை என்றால் மற்றவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்து கொட்டாவி விடுவது. இவருக்கு எண்பத்து நான்கு கிலோ. போன மழைக்காலத்தில் கால் விரல்கள் மரத்துப்போயின. சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறியிருக்கிறது, பத்து கிலோவாவது உடனே குறைத்தாக வேண்டும், இல்லையென்றால் காலுக்கே ஆபத்து என்று டாக்டர் கண்டித்துச் சொல்லிவிட்டார். மாத்திரையை வாங்கிக்கொண்டார். சாப்பாட்டைக் குறைக்கவில்லை.

நான் அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது அவர் மனைவி என்னைப் பிடித்துக்கொண்டார். நாட்டுக்காக என்றால் ஒருவேளை பொறுத்துக்கொள்ளலாம், நாடே மறந்துபோன காரியத்துக்கு இந்த மனுஷன் ஏன் சாக வேண்டும் என்று என்னைக் கேட்டார். பிறகு புருஷனைப் பார்த்து, “இந்த உடம்புல எனக்குன்னு எத்தன கிலோ இருக்கு? அத மட்டுமாவது பத்திரமா வச்சுக் குடுங்க” என்றார். இவர் ஜன்னலைப் பார்த்தபடி மென்று விழுங்கினார்.

“அரசாங்கம் ஒரு வார்த்த சொல்லட்டும். மறுநாளே எளச்சிடுறேன்.”

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

சென்ற வாரம் வீரர் வந்தார். நெடுநாளைக்குப் பிறகு. கேன்டீனுக்குள் நுழைந்தவரை முதலில் எனக்கே அடையாளம் தெரியவில்லை. கன்னம் ஒட்டி, சட்டை தோளில் தொங்கிக்கொண்டிருந்தது. இவர் சாப்பாட்டை அப்படியே விட்டுவிட்டு எழுந்து நின்றார். எதிரில் உட்கார்ந்த வீரர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். தனியார் கம்பெனி ஒன்று கூப்பிட்டிருக்கிறதாம். காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர்களை மேலே கூட்டிப்போய்க் காட்டி வர வேண்டும். அவர்கள் கலம் சிறியது என்பதால் இளைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே காத்திருந்தே வயது போய்விடும் என்று பயமாக இருக்கிறது என்றார். நல்ல மனிதர், கண் கலங்கித்தான் சொன்னார்.

இவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “இப்ப எத்தன கிலோ சார்?”

“எழுபத்தி மூணு.”

இவர் அந்த ஒட்டிய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வீரர் தலையைக் குனிந்துகொண்டு, இன்னும் கையெழுத்துப் போடவில்லை, நாளை மறுநாள் வரை நேரம் இருக்கிறது என்று முணுமுணுத்தார்.

இவர் தன் முன்னால் இருந்த தட்டை, தொடாத இரண்டு முட்டையும் சோறுமாக, மெதுவாக மேஜைக்கு அந்தப் பக்கம் நகர்த்தினார். கரண்டியை எடுத்துச் சட்டை நுனியில் நன்றாகத் துடைத்தார். வீரர் இடக்கைக்காரர். இவர் தட்டுக்கு அவருடைய இடது பக்கமாகப் பார்த்துக் கரண்டியை வைத்தார்.