பத்ருன்னிசா எடுத்த படம்

பேசாத படம் எடுக்கப்போகிறேன் என்று பத்ருன்னிசா சொன்னபோது ஷார்ஜாவின் ரோலா பகுதியில் சிரிக்காதவர்கள் குறைவு. பதினெட்டு வருடமாக வீட்டிலேயே துணி தைக்கும் கீழக்கரைக்காரிக்கு ஏன் இந்த வேலை என்றார்கள். அவள் பிடித்த பிடியை விடவில்லை. தொழிலாளர் கேம்ப்பில் தமிழன், நேபாளி, வங்காளி, பட்டான் எல்லாரும் சேர்ந்து பார்க்க வேண்டும்; பேச்சு வந்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்களே!

நூறு வருடத்துக்கு முன்பு இத்தாலியில், நேப்பிள்ஸ் தெருக்களில், எல்விரா நோட்டாரி என்ற பெண் பேசாத படங்களாக எடுத்துத் தள்ளியதைப் போனில் படித்திருந்தாள். கேமரா பிடித்தது புருஷன். பிற்பாடு அந்தப் படங்களுக்குப் பலரும் புருஷன் பேரையே சொன்னார்கள் என்ற வரியில் பத்ருன்னிசாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல நியாயம்!

அவள் படத்துக்கும் போனைப் பிடித்தவர் புருஷன் கௌஸ் முகம்மதுதான். சாரம் கட்டும் ஐயப்பன், லீவு கிடைக்காத தொழிலாளியாக நடித்தான். தமிழ்ச் சங்கச் செயலாளர் சேதுமாதவன் கேம்ப் மெஸ்ஸில் திரை கட்டினார். ஆரம்பிக்கும் நேரத்தில்தான் வாயைத் திறந்தார்.

"டைரக்டர்னு பாய் பேரைப் போட்டுட்டேன்க்கா. லேடீஸ் பேருன்னா நம்ம ஆளுங்க கேலி பண்ணுவாங்க."

"எம் பேரைப் போடுங்க."

"இனிமே டைம் மாஃபி, மாத்த முடியாது."

"விடு புள்ள, நம்ம வீட்டுப் பேருதானே" என்றார் கௌஸ்.

"அது உங்க பேரு மச்சான். படம் என்னோடது."

திரையில் கௌஸ் முகம்மது என்று வந்தது. கைதட்டினார்கள். பத்ருன்னிசா விடுவிடுவென்று போய்த் திரையோரம் நின்றாள். ஒலி பதியாத படம் என்பதால், எடுக்கும்போது ஒவ்வோர் அசைவையும் கத்திக் கத்தித்தான் சொல்லியிருந்தாள். ஒரு சொல்லும் மறக்கவில்லை.

"ஐயப்பா, பையைத் தொறக்காத! கதவப் பாரு!"

திரையில் ஐயப்பன் கதவைப் பார்த்தான்.

"உக்காரு. அழாத, சிரி!"

உட்கார்ந்தான், சிரித்தான். வங்காளி ஒருவன் விசிலடித்தான். மெஸ்ஸில் இருந்த தலையெல்லாம் அவள் பக்கம் திரும்பின.

"மச்சான், கிட்டப் போங்க! இன்னும் கிட்ட!"

ஐயப்பனின் முகம் திரை முழுக்க நெருங்கி வந்தது. முதலில் கைதட்டியவர் கௌஸ்தான். அதற்குமேல் யாருக்கும் மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

சேதுமாதவன் பதறி ஓடிவந்தார். "அக்கா, போய் உக்காருங்க!"

"நீங்க மொதல்ல உக்காருங்க!" என்றாள், அதே அதட்டலில்.

உட்கார்ந்துவிட்டார்.