பட்டாளத்து ரயில் மேசையில் கவிழ்ந்தது

கொடைக்கானல் பஜாரில் கடை வைத்திருக்கும் காதர் பாயும் நானும் ராணுவத்தில் ரயில் ஓட்டியவர்கள். போர்க்காலத்தில் அஸ்ஸாமில் ஒரே என்ஜினில் அவர் டிரைவர், நான் ஃபயர்மேன். இப்போது ஞாயிறுதோறும் என் வீட்டு மேசையில், நாங்களே செய்த சின்ன ரயிலை ஓட்டுவோம். அசல் நீராவி என்ஜின். அடியில் ஸ்பிரிட் விளக்கு எரியும்.

சென்ற மாதம் ரயிலை ஓடவிட்டு, குண்டு விழ விழப் பாலத்தைக் கடந்த கதையில் மூழ்கிவிட்டோம். "அன்னைக்கு நீ கரி அள்ளிப் போட்ட வேகம் இருக்கே, மாப்ள..." என்று பாய் சொல்லும்போதே, நீராவியைக் குறைக்க ஆளில்லாமல் வேகமெடுத்த என்ஜின் வளைவில் கவிழ்ந்தது. ஸ்பிரிட் கொட்டி மேசைவிரிப்பு பற்றிக்கொண்டது. குண்டுக்கு அஞ்சாத இருவரும் விறைத்து நின்றோம்.

என் மனைவி செல்லம், துவைக்க ஊறவைத்திருந்த கம்பளியோடு ஓடிவந்து நெருப்பை அமுக்கினாள்.

"பெரிய பட்டாளத்துக்காரங்க! வண்டியப் பாக்க ஒரு ஆள் இல்ல!"

"உள்ளதுதான் தங்கச்சி," என்றார் பாய். "கொடி காட்ட கார்டு இல்லாம வண்டிய எடுத்துட்டோம்."

இப்போது பச்சைக்கொடி செல்லம் கையில். அவள் அசைத்தால்தான் வண்டி புறப்படும். அது நிற்கும்வரை போர்க்கதை கிடையாது. பெருமையாகவே சொல்கிறேன்: ராணுவத்தில்கூட இப்படியொரு கார்டு எங்களுக்கு வாய்த்ததில்லை.