மெர்சியின் லீவு லெட்டர்

போன வாரம் கிருஷ்ணன்கோவிலில் பஸ் நின்றபோது, பக்கத்து சீட்டுக் கல்லூரிப் பெண் போனில், "அண்டர் த வெதர்டி, இன்னைக்கு வரல" என்றாள். உடம்பு சுகமில்லை என்பதை இங்கிலீஷில் அப்படியும் சொல்வார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எனக்கு அதைச் சொல்லித் தந்தவள் மெர்சி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு. கீழே பால் சுண்டுகிற வாசனைக்கு என் மண்டையில் எதுவும் ஏறாது. 'பீஸ் ஆஃப் கேக்' வைத்து வாக்கியம் சொல்லச் சொன்னார்கள். அக்கா கல்யாணத்தில் ஒரு பீஸ் ஆஃப் கேக் தின்றேன் என்றேன். மிகச் சுலபமான வேலையைத்தான் அப்படிச் சொல்ல வேண்டுமாம். வகுப்பே சிரித்தது. மெர்சி மட்டும் எழுந்து, "தின்னத தின்னேன்னு சொல்லுதா, இதுல என்ன சார் தப்பு?" என்றாள். அன்றைக்கு ஆரம்பித்த சிநேகம்.

பிறகு ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி ஏற்றுமதி ஆபீஸில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்தது. வெளிநாட்டுக் கடிதங்களை அவள் எழுதுவாள், நான் டைப் அடிப்பேன். அவளுடைய இங்கிலீஷ் மேனேஜருக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

ஒரு சித்திரை மாதம், அண்டர் த வெதர், ஒரு வாரம் லீவு வேண்டும் என்று தம்பியிடம் லெட்டர் கொடுத்தனுப்பினாள். மேனேஜர் சத்தமாக வாசித்தார். "வெயிலடிக்குன்னு ஒரு வாரம் லீவா? நாமெல்லாம் என்ன ஊட்டியிலயா இருக்கோம்?"

எல்லாரும் சிரித்தார்கள். அங்கே அர்த்தம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். நானும் சிரித்தேன்.

லீவு இல்லையென்றதும் மறுநாளே வந்துவிட்டாள். கண்ணெல்லாம் மஞ்சள்.

"ஏட்டி, அவருக்குத்தான் புரியல. நீயாச்சும் சொல்லியிருக்கலாம்ல?"

"நான் அப்ப சீட்டுலயே இல்லட்டி."

நம்பிவிட்டாள். நாலு நாள் வேலை பார்த்தாள். ஐந்தாம் நாள் எழுந்திருக்க முடியவில்லை. காமாலை முற்றிவிட்டது என்று மதுரைக்குக் கொண்டுபோனார்கள். உயிரோடு திரும்பவில்லை. அந்த ஒரு வாரம் படுத்திருந்தால் பிழைத்திருப்பாளா, தெரியாது. யாரிடமும் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

துக்கத்துக்குப் போனபோது அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆபீஸ்ல நீ ஒருத்திதான் துணைன்னு சொல்லிக்கிட்டே இருப்பா" என்றார்கள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அந்த மாடியை இடித்துவிட்டார்கள். ஆபீஸையும் மூடியாயிற்று. மெர்சியின் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நான் சீட்டில்தான் இருந்தேன் என்று சொன்னால் கேட்க இனி ஒருத்தரும் இல்லை.