டிவிக்குள் விழுந்த அறுகரிசி

கடையில் வைத்தே நானும் என் மனுசனும் சண்டை பிடித்தோம். டிவியும் டிவிடி போடும் டெக்கும் ஒரே பெட்டிக்குள் இருப்பதை வாங்க வேண்டும் என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். அவர் தனித்தனியாக வாங்கச் சொன்னார்.

"ஒண்டு பழுதாப்போனா ரெண்டும் போயிடும், சொல்லிப்போட்டன்."

"வாங்க முன்னமே பழுதாகிற கதை கதைக்கிற வாய்!" என்று கடைக்காரருக்கு முன்னால் பொரிந்து தள்ளினேன். இரண்டு ரிமோட்டும் நாலு வயரும் அம்மாவுக்குச் சரிவராது என்பது என் கட்சி. மனுசன் காசை எண்ணிக் கொடுத்தார். நான் கேட்ட பெட்டியே எங்கள் உடுப்பிட்டி வீட்டுக்கு வந்தது.

வாங்கியதே அம்மாவுக்காகத்தான். கனடாவில் தம்பிக்குக் கல்யாணம் நடந்தது. அம்மாவுக்கு இரண்டு தரமும் விசா மறுத்துவிட்டார்கள். ஒரே ஆண்பிள்ளை தாலி கட்டுவதைக் கண்ணால் காணாத குறை அவரை அரித்துக்கொண்டிருந்தது. கடைசியில் ஊருக்கு வந்த, தெரிந்த ஒருவரிடம் தம்பி கல்யாண டிவிடியைக் கொடுத்துவிட்டான். அது வந்த அன்று அம்மா தலைமுழுகி, நல்ல சேலை உடுத்து டிவிக்கு முன்னால் இருந்தார்.

மண்டபத்துக்குப் புறப்படும் முன் தம்பி கமராவைப் பார்த்து, "அம்மா, ஆசீர்வதியுங்கோ" என்று விழுந்து கும்பிட்டான். பிறகு கேட்க வேண்டுமா! அறுகம்புல்லும் மஞ்சள் அரிசியும் கலந்த அறுகரிசியைப் பிள்ளைகளின் தலையில் தூவி வாழ்த்துவது எங்கள் வழக்கம். அம்மா அதை முந்தானையில் முடிந்து வைத்திருந்திருக்கிறார். "நல்லா இரு ராசா!" என்று ஒரு பிடி அள்ளி டிவியின் தலையில் போட்டார்.

மேலே இருந்த காற்றுத் துவாரங்கள் அவ்வளவையும் விழுங்கின. உள்ளே கறகறவென்று ஒரு சத்தம். திரை இருண்டது. தாலிகட்டு இன்னும் வரவில்லை. டிஸ்க் உள்ளேயே மாட்டிக்கொண்டது. போனில் கேட்டால், தன்னிடம் வேறு பிரதி இல்லை என்கிறான் தம்பி.

"என்ரை கையாலை நானே கெடுத்துப்போட்டன் பிள்ளை" என்று அம்மா அழுதார். கெடுத்தது அவரா, பிடிவாதம் பிடித்த நானா?

"நான் அப்பவே சொன்னனான்" என்று மனுசன் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் ஒரு கிழமைக்குச் சொல்லிக்காட்டியிருப்பேன். அவரோ பெட்டியைச் சாக்கில் சுற்றி ஓட்டோவில் ஏற்றி, கொடிகாமத்தில் தனக்குத் தெரிந்த திருத்துகிறவரிடம் கொண்டுபோனார்.

பின்னேரம் திரும்பி வந்தார். டிவி பிழைத்துவிட்டது, உள்ளிருந்த டெக் செத்துவிட்டது. கையில் தனியாக ஒரு புது டெக். போட்டிருந்த சேட்டின் பையில் கீறல் விழாத டிஸ்க். கூடவே கடதாசியைச் சுருட்டிய சரையில் அந்த அறுகரிசி.

"திருத்தினவர்தான் பொறுக்கித் தந்தவர். ஆசீர்வாதத்தைக் கூட்டித் தள்ளக் கூடாதாம்."

நான் முகம்கூடக் கண்டிராத அந்த மனிதரை நினைத்து இன்றைக்கும் கும்பிடுகிறேன்.

அம்மா மருமகனோடு நேரே கதைப்பதில்லை. தேத்தண்ணி வேண்டுமா என்பதைக்கூட என்னிடம் சொல்லித்தான் கேட்பார். அன்றைக்கும், "திரும்பப் போடலாமோ எண்டு அவரிட்டைக் கேள்" என்றார்.

டிஸ்க் ஓடியது. கெட்டிமேளம் முழங்கியதும் அம்மாவின் கை சரைக்குள் போனது, பயத்தில் அப்படியே நின்றது. மனுசன் எழும்பினார். கதவு மூலையில் தொங்கிய குடையை எடுத்து, டிவிக்கும் டெக்குக்கும் மேலே விரித்துப் பிடித்தார்.

"மாமி, இப்ப போடுங்கோ!"

அம்மா அள்ளிப் போட்டார். அரிசி குடையில் பொலபொலவென்று விழுந்தது. நான் சிரித்தேனா அழுதேனா தெரியாது.

தாலி கட்டி முடிந்ததும் அம்மா எழுந்து வந்தார். குடைமேல் தங்கிய மணிகளைக் கூட்டி எடுத்து மருமகனின் தலையில் தூவினார். முதல்தடவையாக அவர் முகத்தைப் பார்த்து, "நீங்களும் நான் பெத்த பிள்ளைதான்" என்றார்.

மனுசன் குடையை மடக்க மறந்து அப்படியே நின்றார்.