சாமிக்குப் போட்ட கல்லும் தண்ணிக்கு விட்ட வழியும்

போடியிலிருந்து மலை உச்சியிலுள்ள மெட்டுக்கு ஏறும் பாதைக்கு நான் மேஸ்திரியாக இருந்த காலத்தில் அதில் வண்டி ஏறாது. பொதிமாடுதான் அரிசி மூட்டையோடு ஏறும், ஏலக்காய் மூட்டையோடு இறங்கும். அந்த வேலை எனக்குக் கிடைத்ததற்கு என் திறமை காரணமில்லை. முன்னால் இருந்தவர் மலைக்காய்ச்சலுக்குப் பயந்து ஊரைப் பார்க்கப் போய்விட்டார். அவர் மண்வெட்டியைப் போட்ட இடத்துக்குப் பக்கத்தில் நான் சும்மா நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

வேலை என்னவென்றால், தண்ணீரைப் பாதையில் நடக்க விடக் கூடாது. மாடு நடக்கலாம், மனுஷன் நடக்கலாம். மழைத்தண்ணீர் மட்டும் குறுக்கே கடந்து போய்விட வேண்டும். பாதையோடு சேர்ந்து இறங்க ஆரம்பித்தால் அது மண்ணையும் கூட்டிக்கொண்டுதான் போகும். அதற்காகப் பாதைக்குக் குறுக்கே, சற்றுச் சாய்வாக, கல்வரிசை பதிப்போம். வருகிற தண்ணீர் அதில் முட்டி, பள்ளத்துப் பக்கம் திரும்பி, அங்கே விட்டிருக்கும் மடை வழியாக வெளியேறும். அது விழுகிற இடத்தில் சரிவு அரிக்காமலிருக்கச் சில்லுக்கல்லைப் பரப்பி, ஓரத்தில் வெட்டிவேர்ப் புல்லை நட்டுவிடுவோம். எல்லாம் மலையில் கிடைத்ததுதான், மலைக்கே திருப்பிக் கொடுத்தோம். தண்ணீர் என்னைப் போலச் சோம்பேறி. வழி வெட்டி வைத்திருந்தால் புது வழி தேடாது. இந்த ஒற்றுமையை நம்பித்தான் நான் காலத்தை ஓட்டினேன்.

அந்த வருஷம் ஐப்பசி மழைக்குப் பாதை தாங்க வேண்டும் என்பதில் எனக்குச் சொந்த அக்கறையும் இருந்தது. என் வீட்டுக்காரி மெட்டில் என்னோடு குடிசையில் இருந்தாள். தலைப்பிரசவம். அவள் தாய்வீடு ராசிங்காபுரத்தில், மருத்துவச்சியும் அங்கேதான். மெட்டில் பிரசவத்துக்குத் துணை என்றால் குளிரும் அட்டையும் நானும்தான். மூன்றில் எது மோசம் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒன்பதாம் மாசம் பிறந்ததும் டோலியில் இறக்கிவிடுவதாக அத்தையிடம் வாக்குக் கொடுத்திருந்தேன்.

பாதி மலையில் ஒரு பெரிய வளைவு. மேலே உள்ள சரிவின் தண்ணீர் முழுக்க அங்கேதான் பாதையில் வந்து இறங்கும். அதனால் அங்கே கல்வரிசையைப் பலமாகப் பதித்து, அது முடிகிற இடத்தில், மடையை ஒட்டி ஒரு நெட்டைக் கல்லை நட்டேன். மூடுபனியில் மாடு ஓரம் தெரியாமல் இடறக் கூடாதென்று அதற்கு வெள்ளையும் அடித்தேன். என் ஆயுளிலேயே நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் அது. நாலு நாளில் யாரோ அதற்கு மஞ்சள் பூசி, பூவும் சுற்றியிருந்தார்கள்.

மலையேறுகிறவர்கள் வழிச்சாமிக்கு ஒரு கல்லும் ஒரு கொத்துத் தழையும் போட்டுவிட்டுப் போவது எங்கள் பக்கத்து வழக்கம். ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. கல்லை எங்கே போடுவார்கள்? சாமி காலடியில். சாமியின் காலடி எது? நான் தண்ணீருக்கு விட்டிருந்த மடை.

பொதிமாட்டுக்காரர்களில் மூத்தவரிடம் போய் முறையிட்டேன். "அண்ணே, அது சாமி இல்லண்ணே. நான் நட்ட கல்லு."

"எல்லாச் சாமியும் யாராச்சும் நட்டதுதான் தம்பி."

"மடைய அடைச்சுட்டீகண்ணே. தண்ணி போகாது."

"அதெல்லாம் சாமி பாத்துக்கிரும். நீ ஒன் சோலியப் பாரு."

"என் சோலியே அதுதான்ணே!"

என் ஆட்களிடம் அள்ளச் சொன்னேன். "மொதக் கல்ல நீங்க எடுங்க மேஸ்திரி, நாங்க பின்னாலயே வர்றோம்" என்றார்கள். எடுத்தேன். இரண்டு கல்லைப் பள்ளத்தில் எறிந்தேன். அன்று மத்தியானமே ஒரு மாடு வழுக்கி மண்டி போட்டது. மாட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனதெல்லாம் எனக்குத்தான். என்னைக் கண்டால் மாட்டுக்காரர்கள் மாட்டை ஒதுக்கிப் பிடித்தார்கள். மறுநாள் அந்த வழியாக ஏறும்போது, ஒருவரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நானும் ஒரு கல்லைப் போட்டேன். வீட்டில் வயிற்றுப்பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு எதற்கு வம்பு?

டோலி புறப்பட வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மழை பிடித்துக்கொண்டது. காலையில் தூறலாகக் குறைந்ததும் கிளம்பினோம். மற்ற கல்வரிசைகள் எல்லாம் ஒழுங்காகத் தண்ணீரைத் திருப்பிக்கொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் அவளுக்குக் காட்டிக்கொண்டே வந்தேன்.

"பாத்தியா, எப்படித் திரும்புதுன்னு!"

"பாத்தேன், பாத்தேன். நீங்க கீழ பாத்து நடங்க."

பெரிய வளைவில் டோலி நின்றது. மடை அடைபட்டதால் தண்ணீர் கல்வரிசையைத் தாண்டிக் குதித்து, பாதை நெடுக ஓடிக்கொண்டிருந்தது. பாதையின் வெளிவிளிம்பு பழைய சோற்றுக்கட்டி போலக் கரைந்து விழுந்தது. பொதிமாடுகளும் இறங்க முடியாமல் அங்கே நின்றன. மூத்தவர் தலையில் சாக்கைக் கவிழ்த்திருந்தார்.

"இதுல கால் நிக்காது மேஸ்திரி. திரும்பிருவோம்" என்றார்கள் டோலிக்காரர்கள். திரும்பினால், பிரசவம் மெட்டுக் குடிசையில்தான். இப்படியே ஓடவிட்டால் சாயங்காலத்துக்குள் இறங்குவதற்குப் பாதையே இருக்காது.

"அண்ணே, கல்ல அள்ளிருவோம்ணே" என்று மூத்தவரைக் கெஞ்சினேன்.

"சாமி குத்தம்" என்றார். அவர் குரலும் இறங்கித்தான் இருந்தது. அவர் மாடும் கீழே போக வேண்டுமே.

டோலிக்குள்ளிருந்து என் வீட்டுக்காரி திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். மடையைப் பார்த்தாள், சாமியைப் பார்த்தாள், கடைசியாக என்னைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அண்ணே, எனக்கு அந்தக் கல்லு மேல ஆசையா இருக்கு."

"எந்தக் கல்லு ஆத்தா?"

"காலடியில கெடக்குற எல்லாம். தழையுந்தான்."

வயிற்றுப்பிள்ளைக்காரி ஆசைப்பட்டுக் கேட்டதை இல்லையென்று சொன்னால் பிறக்கிற பிள்ளைக்குக் காதில் சீழ் வடியும் என்பார்கள். அந்தப் பாவத்தைச் சுமக்க எங்கள் பக்கத்தில் எவனும் துணிய மாட்டான். மூத்தவர் சாமியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சாக்கை எடுத்துவிட்டு ஒரு கும்பிடு போட்டார்.

"புள்ளத்தாச்சி கேட்டா சாமியே குடுத்துரும். எடுங்கடா, வெரசா!"

மாட்டுக்காரர்கள், டோலிக்காரர்கள், என் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து அள்ளினார்கள். மடை திறந்ததும் தண்ணீர் ஒருமுறை தயங்கி, சோம்பேறித்தனமாகத் திரும்பி, வெட்டிவேர்ப் புல்லுக்குள் இறங்கிப் போனது. மீதியிருந்த பாதை ஒரு டோலி போகிற அகலம் இருந்தது. மலையைச் சுவர்போல உரசிக்கொண்டு அவளை இறக்கினோம்.

நானும் பின்னால் நடந்தேன். மூத்தவர் கூப்பிட்டார். "எங்க போற தம்பி? அவ கேட்டத யாரு கொண்டுபோறது?"

"மாட்டுல போட்டு..."

"மாட்டுல ஏலக்கா இருக்கு. ஆசைப்பட்டது ஒம் பொண்டாட்டி. தூக்கு."

ஒரு சாக்கு நிறையக் கட்டி என் தலையில் ஏற்றினார்கள். மிச்சத்தைப் பொதிமாட்டில் தவணை தவணையாக அனுப்புவதாகவும் ஆறுதல் சொன்னார்கள். டோலிக்குள்ளிருந்து குரல் வந்தது: "ஏங்க, ஒண்ணையும் கீழ போட்டுறாதீக. புள்ளைக்குக் காது வடியும்."

ராசிங்காபுரம் போய்ச் சேர்ந்தபோது அத்தை மகளை உள்ளே கூட்டிப்போய்ப் படுக்க வைத்துவிட்டு வெளியே வந்தாள். நான் வாசலில் சாக்கை இறக்கிவிட்டு, கழுத்து இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஏலக்காயா மாப்ளே?" என்று ஆசையாக அவிழ்த்தாள். உள்ளே பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ஓம் மக ஆசைப்பட்டா அத்தே."

அத்தை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஆமா, அவ ஆசைப்பட்டான்னு நான் கல்ல ஏத்துக்கிறது இது ரெண்டாந் தடவ" என்று சொல்லிக்கொண்டே சாக்கைப் பழையபடி கட்டினாள்.